வெள்ளிக்கிழமைத் தண்ணீர்

சாலிஹ் சுட்டுவிரலை இரண்டாம் கணு வரை செடிப் பெட்டியின் மண்ணுக்குள் விட்டு, கண்ணை மூடிக்கொண்டு சற்று நேரம் நிற்பார். பிறகு வெளியே எடுத்து மூக்கருகே பிடிப்பார். "இவனுக்கு இன்னும் தாகமில்ல" என்பார். அடுத்த பெட்டி. மறுபடியும் விரல், கண் மூடல், மணம் பிடித்தல். "இவன் பொய் சொல்றான். மேலதான் காஞ்சிரிக்கி. உள்ளுக்க குளம்." மூன்றாவது பெட்டிக்கு வரும்போது அவருடைய குரல் எங்கள் குறுகிய தெருவான ஒழுங்கையின் மறுகோடி வரை கேட்கும்: "மாஸ்டர்! ஓடி வாங்க மாஸ்டர்! பூத்திட்டு!"

பூத்தது ஒரேயொரு வெண்டிப் பூ. அதற்காக நான் முகச்சவரத்தைப் பாதியில் விட்டு ஓடியிருக்கிறேன். ஒரு கன்னத்தில் நுரையோடு நின்ற என்னைப் பார்த்து அவர் வியப்படையவேயில்லை. பூ பூத்தால் மனிதர்கள் அப்படித்தான் வருவார்கள் என்பது அவருடைய எண்ணம்.

ஐம்பத்து நான்கு வயது. ஒல்லியான உடம்பு, முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிய சாறன், மடியில் பழைய சோற்றுக் கரண்டி ஒன்று. மண் கிளற அதுதான் ஆயுதம். நடப்பது அவருக்குத் தெரியாது. கடைக்குப் போனாலும் பள்ளிவாசலுக்குப் போனாலும் அரை ஓட்டம்தான். வலது சுட்டுவிரல் நகம் மட்டும் எப்போதும் கறுப்பு. அவருடைய மனைவி ஸுஹைனா அந்த நகத்தோடு பல வருடமாகப் போராடித் தோற்றவர். "எல்லாரும் சோத்துக்குப் பொறகு கை கழுவுவாங்க. இவரு சோத்துக்கு முன்ன மண்ணத் தின்னுற மனிசன்" என்று சொல்வார்.

பதினாறு வருடம் கத்தாரில் இருந்தார். வேலை, தெருவோரப் பூச்செடிகளுக்குத் தண்ணீர் விடுவது. சொட்டுக் குழாய் போடுவது, அடைத்த துளையை ஊசியால் குத்தித் திறப்பது, எந்தச் செடி எத்தனை நிமிடம் குடிக்கும் என்று பார்ப்பது. அந்த நாட்டின் பெருந்தெருக்களில் எத்தனையோ மைல் தூரத்துக்குச் சிவப்பும் வெள்ளையுமாகப் பூத்துக் கிடந்தவை அவர் கையால் குடித்தவை. அதைச் சொல்லும்போது மட்டும் அவருடைய குரல் கொஞ்சம் இறங்கும். "பதினாறு வருஷம் மாஸ்டர். ஒண்டு காய்க்கணுமே. ஒண்டும் காய்க்கல்ல." உடனே குரல் ஏறிவிடும். "இஞ்ச பாருங்க, இந்தக் கத்தரி! இவள் நாளைக்கு நம்மட சட்டியில!"

ஊருக்கு வந்தபோது நடுவதற்கு மண் இல்லை. காத்தான்குடியில் ஒரு வீட்டுச் சுவரில் ஆணி அடித்தால் அடுத்த வீட்டுக்காரர் ஏன் என்று கேட்பார். அவ்வளவு நெருக்கம். எங்கள் ஒழுங்கை ஆற்றங்கரையில் போய் முடிகிறது. வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். மாரியில் அந்த ஆறு முற்றத்துக்கு வரும். கோடையில் கச்சான் என்ற வறண்ட மேல்காற்று அடிக்கத் தொடங்கினால் கிணற்றுக்கு வரும், உப்பாக. சாலிஹ் முதல் வருடம் தரையில் நட்டதை மாரி அழுக வைத்தது. இரண்டாம் வருடம் நட்டதை உப்பு எரித்தது. மூன்றாம் வருடம் அவர் தரையோடு கோபித்துக்கொண்டார். "இனி நிலத்தில கால் வெக்க மாட்டாங்க எண்ட புள்ளைகள்."

அவருடைய வீட்டுக்கும் ஒழுங்கைப் பள்ளிவாசலுக்கும் நடுவே ஒரு நீண்ட துண்டு இடம். கல்லும் உடைந்த ஓடும் கிடந்த இடம். பள்ளிக்குச் சொந்தமானது. அங்கே முழங்கால் உயரத்துக்குக் கல் அடுக்கி மூன்று பாத்திகள் கட்டினார். மீன் வியாபாரிகள் எறிந்துவிடும் தெர்மோகோல் போன்ற ரெஜிபோம் பெட்டிகளில் முப்பத்திரண்டை வரிசையாக வைத்தார். பெரியகல்லாற்றுக் கரையில் இரண்டாக உடைந்து கிடந்த பைபர் தோணி ஒன்றின் பின்பாதியை லேண்ட்மாஸ்டர் கை டிராக்டரில் ஏற்றிக்கொண்டு வந்தார். அதற்குள் கொச்சிக்காய், அதாவது மிளகாய்ச் செடிகள். மீன் பெட்டிகளைச் சுண்ணாம்பு போட்டு எத்தனை தடவை கழுவியும் வாசம் போகவில்லை. ஊர்ப் பூனைகள் ஒரு மாதம் இரவு பகலாக மண்ணைக் கிண்டி மீனைத் தேடின. சாலிஹ் பூனைகளோடு வாதாடிப் பார்த்தார். "காய்தான்டா இரிக்கி, மீனில்ல! அல்லாவுக்காக நம்புங்களன்டா!"

எங்கள் வீட்டுக் கிணற்றடியில் பெரிய நீலப் பேசின் ஒன்று பதினொரு மாதமாகக் கவிழ்த்தபடி கிடந்தது. என் மனைவி இறக்கும் வரை துணி ஊறப்போட்ட பேசின். ஒரு நாள் சாலிஹ் வந்து அதன் அருகே நின்றார். எதையும் கேட்டு வாங்குவதற்கு வெட்கப்படாத மனிதர் அன்று அதன் விளிம்பை விரலால் தடவிக்கொண்டிருந்தார். "பசளிக் கீர நல்லா வரும் மாஸ்டர், இதுக்குள்ள" என்றார் கடைசியில். அடியில் துளை போடும்போது என்னைப் பார்க்க வைக்கவில்லை. தன் வீட்டுக்குக் கொண்டுபோய்த்தான் துளை போட்டார்.

விதைக்கும் எருவுக்கும் களுதாவளைக்குப் போவார். அங்கே கனகசிங்கம் என்று ஒரு தோட்டக்காரர். ஏக்கர் கணக்கில் மிளகாயும் வெங்காயமும் போடுகிறவர். சாலிஹை அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடுகிற அவருக்கு, இவர் சொல்வதில் பாதி நம்பிக்கையில்லை. "பெட்டிக்குள்ள வெள்ளாமையா காக்கா? அறுவடைக்கு மெசின் கொண்டு வரட்டா?" என்று கேட்டபடியே நல்ல கன்றாகப் பொறுக்கித் தருவார்.

தண்ணீர் விடும் வேளைகளுக்குச் சாலிஹிடம் மணிக்கணக்கு இல்லை. தொழுகை நேரங்கள்தான் கணக்கு, விடியலின் சுபஹிலிருந்து இரவின் இஷா வரை. "தக்காளிக்குச் சுபஹுத் தண்ணி மட்டும். வெண்டிக்குச் சுபஹும் அஸரும். பசளிதான் அஞ்சு வக்தும் கேட்பாள்." ஒவ்வொரு காலையும் கிணற்றுத் தண்ணீரை உள்ளங்கையில் ஏந்தி நாக்கு நுனியில் வைப்பார். ஆவணி மாதம் ஒரு காலை துப்பிவிட்டு வந்து என் வாசலில் நின்றார். "வந்திட்டு மாஸ்டர். உப்பு வந்திட்டு." வீட்டுக் குழாயில் தண்ணீர் விடியற்காலையில் மட்டும் நூலாக வரும். சமையலுக்கும் குடிப்பதற்கும் சரியாகிவிடும். செடிகளுக்கு மிஞ்சாது.

அன்று நண்பகல் ளுஹருக்குப் பள்ளிக்குப் போனவருக்கு அந்த யோசனை வந்தது. தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவி வுழூ (பேச்சில் 'உளு') செய்யும் இடத்தில் அவருக்கு நெடுநாளாக ஒரு பழக்கம். அடுத்தவர் கழுவுவதை எண்ணுவார். ஒவ்வோர் உறுப்பையும் மூன்று தடவை கழுவினால் போதும். நான்காவது தடவைக்கு யாராவது குழாயைத் திறந்தால் சாலிஹின் கை நீளும், மூன்று விரல் நிமிர்ந்திருக்கும். "மூணு காணும்! நாலாவது வீண்!" பெரியவர், சிறியவர், வெளியூர்க்காரர் என்ற பேதமில்லை. கத்தாரில் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக எண்ணிய மனிதர். அன்றும் யாரையோ பார்த்துக் கை நீட்டியவர் அப்படியே நின்றுவிட்டார். அந்தத் தண்ணீரெல்லாம் எங்கே போகிறது? சுவருக்குப் பின்னால் இடுப்புயரத்தில் இருக்கும் குழாய் வழியாகச் சாக்கடைக் கானில் விழுந்து, தேங்கி, கொசு நுளம்பெல்லாம் வளர்க்கிறது. பள்ளியின் பெரிய தொட்டியில் சேர்த்து வைக்கும் நல்ல குழாய்த் தண்ணீர். சவர்க்காரம் இல்லாத தண்ணீர். அவருடைய பாத்திகளிலிருந்து ஆறடி தூரத்தில்.

பிற்பகல் அஸர் தொழுத கையோடு மஜீட் மரைக்காரைப் பிடித்தார். மஜீட் எங்கள் பள்ளியின் நிர்வாகி. வட்டையில் நிறைய வயல் உள்ளவர். சிரிப்பதற்கு யோசிப்பவர்.

"உளு எடுத்த தண்ணியக் காய்க்கு ஊத்தப் போறியா?"

"ஓம் மரைக்கார். சும்மா கானுக்குத்தானே போகுது."

"ஊராரிட கால் கழுவின தண்ணி. அதில வெளஞ்சத எனக்குத் தின்னச் சொல்றியா?"

சுற்றி நின்றவர்கள் முகம் சுளித்தார்கள். சாலிஹுக்கு அப்படி ஒரு கேள்வி வரும் என்றே தோன்றவில்லை. பதில் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து வந்தது. ஸுஹைனாவின் குரல்: "அப்ப மரைக்காரிட வட்டைக்குள்ள மாடு கால் கழுவிட்டா எறங்குது?"

மஜீட் சிரிக்கவில்லை. ஆனால் மறுக்கவும் இல்லை. நுளம்பு விஷயமாகச் சுகாதாரப் பரிசோதகர் இரண்டு தடவை வந்து ஏசிவிட்டுப் போனது அவருடைய ஞாபகத்தில் இருந்திருக்க வேண்டும். "செஞ்சு பாரு. நான் திங்க மாட்டன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்து வந்த சனிக்கிழமை அந்தத் தண்ணீரைப் பாத்திகளுக்குத் திருப்பிக் குழாய் பொருத்தினார். அந்த ஆறு நாளும் அவர் இருந்த இருப்பைச் சொல்லி முடியாது. தொழுகைக்கு அழைக்கும் ஒவ்வொரு பாங்குக்கும் குழந்தை போலச் சுவருக்குப் பின்னால் ஓடுவார். பள்ளிக்குள் முதல் மனிதர் குழாயைத் திறந்ததும் இங்கே பி.வி.சி. குழாயின் துளைகளில் தண்ணீர் துளிர்க்கும். "வாறான், வாறான்!" என்று கத்துவார். தண்ணீர் வெண்டிக்குப் போய், கத்தரிக்குப் போய், தோணியில் விழுந்து, பசளியில் முடியும். சுபஹுக்கு நாற்பது பேர், ளுஹருக்கு முப்பது, மஃரிபுக்கு அறுபது என்று எண்ணி, ஆளுக்கு இத்தனை தண்ணீர் என்று பெருக்கி, துளைகளின் அளவைச் சரிசெய்தார். வியாழன் இஷாவோடு எல்லாம் ஒரு துளி கூடாமல் குறையாமல் பொருந்திவிட்டது. கத்தரி இலைகள் நிமிர்ந்தன. வெண்டியில் ஒரே நாளில் ஒன்பது பூ. என்னை ஒன்பது தடவை கூப்பிட்டார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை.

சாலிஹ் வெள்ளிக்கிழமைகளில் வீட்டிலேயே குளித்து, வீட்டிலேயே வுழூச் செய்து, அத்தர் பூசிக்கொண்டு பதினொன்றரைக்கே பள்ளிக்குள் போய்விடுவார். முதல் வரிசையில், தூணுக்குப் பக்கத்தில் அவருடைய இடம். ஊருக்குத் திரும்பிய நாளிலிருந்து ஒரு வெள்ளியும் அந்த இடத்தை விட்டதில்லை. அதனால் வெள்ளிக்கிழமை நண்பகலில் வுழூச் செய்யும் இடம் எப்படியிருக்கும் என்பதை அவர் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. ஐந்து வேளைத் தொழுகைக்கும் கணக்குப் போட்ட மனிதர் வெள்ளி நண்பகலின் பெருந்தொழுகையான ஜும்ஆவைக் கணக்கில் சேர்க்கவில்லை. அறுநூறு பேர், முக்கால் மணி நேரத்துக்குள்.

நான் அவருக்குப் பின்வரிசையில் இருந்தேன். இமாம் தொழுகைக்கு முந்திய பிரசங்கமான குத்பாவைத் தொடங்கிவிட்டார். குத்பா நடக்கும்போது யாரும் வாய் திறக்கக் கூடாது. பேசுகிறவனைப் பார்த்து 'பேசாதே' என்று சொல்வதும் கூடாது. பிந்தி வந்தவர்கள் இன்னும் வுழூச் செய்துகொண்டிருந்தார்கள். அப்போது சுவருக்கு அப்பால் ஒரு சத்தம் கேட்டது. முதலில் கொப்பளிப்பு. பிறகு தொடர்ந்த ஓட்டம். பிறகு ஏதோ ஒன்று சரிந்து விழும் சத்தம், ரெஜிபோம் பெட்டி ஒன்று இன்னொன்றோடு உரசும் கீச்சொலி. சாலிஹின் முதுகு விறைத்தது. அவர் திரும்பவில்லை. வலது கைச் சுட்டுவிரல் மட்டும் விரிப்பின் மேல் அழுந்தத் தொடங்கியது. அந்த விரல் எதையோ அளந்துகொண்டிருந்தது. குத்பா முடியும் வரை எடுக்கவில்லை.

தொழுது முடித்து வெளியே வந்தவர்கள் வாசலில் நின்றுவிட்டார்கள். ஒழுங்கைப் பக்கம் கழற்றிப் போட்டிருந்த செருப்புகள், நூறு சோடிக்குக் குறையாது, மாட்டெரு கரைந்த கறுப்புத் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தன. சில செருப்புகள் ஆற்றங்கரையை நோக்கிப் புறப்பட்டே விட்டன. இரும்புக்கடை ஜிப்ரி தன்னுடைய புதுச் செருப்பைத் தூக்கிப் பிடித்துக் கத்தினார்: "பாருங்களன் நியாயத்த! எண்ட செருப்பில வெண்டி நட்டிரிக்கான் மனிசன்!"

உண்மைதான். செருப்பின் வாருக்குள் ஒரு சிறு வெண்டிக் கன்று நிமிர்ந்து நின்றது. சாலிஹ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி வந்தார். மன்னிப்புக் கேட்பார் என்று எல்லோரும் பார்த்தார்கள். அவர் கன்றை இரண்டு விரலால் எடுத்து, தண்ணீரில் அலசி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "வேர் உடயல்ல!"

"வெள்ளிக்கிழமைய மறந்த முஸ்லிம இண்டைக்குத்தான் பாக்கிறன்" என்றார் மஜீட் மரைக்கார். அவர் சத்தம் போடவில்லை. அதனால்தான் பயமாக இருந்தது. "குழாயப் புடுங்கு. தண்ணி பழையபடி கானுக்குப் போகட்டும். மாரிக்கு முதல் இந்த இடத்தையும் துப்புரவாக்கித் தா."

அந்த வாரம் கச்சான் காற்று ஒரு மணி நேரமும் ஓயவில்லை. பெட்டிகளின் ஓரங்களில் மண்ணில் உப்பு வெள்ளையாகப் பூத்தது. வெண்டி இலைகள் விளிம்பிலிருந்து கருகி உள்ளே வந்தன. சாலிஹ் வீட்டுக்கு வரும் குழாய்த் தண்ணீரைத் தேத்தண்ணிக் கோப்பையால் அளந்து, செடிக்கு ஒரு கோப்பை என்று ஊற்றினார். "குளிக்கிறதுக்கு எங்களுக்கு முறை வெச்சிரிக்கார் மாஸ்டர்" என்றார் ஸுஹைனா. "இண்டைக்கு எண்ட முறையக் கத்தரிக்குக் குடுத்திட்டார்." அதுவும் போதவில்லை. செவ்வாய்க்கிழமை ஒவ்வொரு பெட்டியாக விரலை விட்டுப் பார்த்து, பதினொன்றைக் கைவிட்டார். அவற்றைத் தனியே எடுத்துச் சுவரோரம் வைத்தபோது அவர் அரை ஓட்டமாக நடக்கவில்லை. அதிகம் குடிக்கும் பசளியைத்தான் அவர் முதலில் கைவிட்டிருக்க வேண்டும். ஆனால் நீலப் பேசின் இருந்த இடத்திலேயே இருந்தது. அதன் மண் ஒவ்வொரு காலையும் ஈரமாக இருந்தது.

புதன்கிழமை களுதாவளைக்குப் போனார். கனகசிங்கம் கதையைக் கேட்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாராம். "வெள்ளிக்கிழமை பகல் காத்தான்குடிக்குள்ளால பஸ் ஊர்ந்துதான் போகும் எண்டு எனக்கே தெரியும் காக்கா. உங்களுக்குத் தெரியாமப் போச்சே!" என்றுவிட்டு, மருந்தடிக்கத் தண்ணீர் நிரப்பும் ஆயிரம் லீற்றர் பிடிக்கும் பெரிய நீலப் பரல் பீப்பாய்கள் இரண்டைக் கழுவித் தன்னுடைய லேண்ட்மாஸ்டரிலேயே அனுப்பினார்.

வியாழன் அஸருக்குப் பிறகு சாலிஹ் மஜீட் மரைக்காரின் முன்னால் போய் நின்றார். நானும் பக்கத்தில் நின்றேன்.

"ஒரு வெள்ளி தாங்க மரைக்கார். ஒண்டே ஒண்டு. இனித் தண்ணி நேரப் பாத்திக்குப் போகாது. பரலுக்குள்ள விழும். பரலிலயிரிந்து நான் திறந்தாத்தான் போகும்."

"பரல் நிறைஞ்சா?"

"ரெண்டாவது பரல்."

"அதும் நிறைஞ்சா?"

"அதில மிஞ்சிறது கானுக்கு. ஒரு செருப்பு நனைஞ்சாலும் சரி, நானே பெட்டியெல்லாத்தையும் ஏத்திக் குப்பைக்குப் போடுறன். இந்தப் பக்கம் திரும்பியும் பாக்க மாட்டன்."

மஜீட் அவரை மேலும் கீழும் பார்த்தார். "நீ முதல் வரிசையில இரிந்தா பரல ஆரு பாக்கிற?"

சாலிஹ் கறுத்த நகத்தைக் கட்டைவிரலால் சுரண்டிக்கொண்டு நின்றார். "கடைசி வரிசைக்கு வாறன்" என்றார்.

அந்த வெள்ளி நண்பகலில், வெள்ளை ஜுப்பாவை இடுப்புக்குச் சொருகிக்கொண்டு, அத்தர் மணக்க, சாலிஹ் வுழூச் செய்யும் இடத்துக்கும் பரலுக்கும் நடுவேயுள்ள சிறு கதவருகே நின்றார். தூணுக்குப் பக்கத்து இடத்தில் வேறு யாரோ போய் அமர்ந்துவிட்டார்கள். ஒரு தடவை எட்டிப் பார்த்தார், பிறகு பார்க்கவில்லை. ஆட்கள் வரத் தொடங்கினார்கள். முதல் பரலுக்குள் தண்ணீர் விழும் சத்தம் ஆழத்திலிருந்து கேட்டது. பிறகு மெல்ல மேலே ஏறி வந்தது. "அரைவாசி!" என்று குழாயடியில் நின்ற எனக்குக் கை காட்டினார். "முக்கால்!" நெற்றியில் வியர்வை. கண் பரலில் இருந்தாலும் கை பழக்கத்தை விடவில்லை. யாராவது நான்காவது தடவைக்குக் கையை நீட்டினால் இவருடைய மூன்று விரலும் நீண்டது. "மூணு காணும், மூணு காணும்!"

ஜிப்ரிக்கு ஆத்திரமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அவர் இந்தத் தடவை செருப்பைக் கையிலேயே வைத்திருந்தார். "என்ன மனிசன்கா நீங்க! தண்ணி வேணும் எண்டு அழுறீங்க. ஊத்த விடுறீங்களும் இல்ல!"

"வேணும்தான். வீணாக்கி வேணாம்" என்றார் சாலிஹ், பரலிலிருந்து கண்ணை எடுக்காமல்.

முதல் பரல் நிறைந்தது. தண்ணீர் விளிம்பில் ஒரு கணம் தயங்கி, இணைத்திருந்த குழாயைக் கண்டுபிடித்து, இரண்டாவது பரலுக்குள் விழுந்தது. சாலிஹ் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார், பள்ளிக்குள் கத்திவிடாமல் இருக்க. ஒழுங்கையில் அறுநூறு பேரின் செருப்புகளும் உலர்ந்த மணலில் கிடந்தன. இரண்டாவது பரலில் நிறைய இன்னும் ஒரு சாண் மிச்சமிருந்தது.

கடைசியாக வந்தவர் மஜீட் மரைக்கார். குத்பாவுக்கு இன்னும் இரண்டு மூன்று நிமிடம். முதலில் ஒழுங்கையை எட்டிப் பார்த்தார், பிறகு பரல்களை. பாத்தியருகே போய்க் குனிந்து, கருகிய இலைகளுக்கு நடுவே பிழைத்து நின்ற வெண்டியில் ஒரு பிஞ்சை விரலால் தொட்டார். பிறகு வந்து குழாயடியில் அமர்ந்தார். கைகளை மூன்று தடவை கழுவினார். முகம் மூன்று தடவை. வலது கால் மூன்று தடவை. இடது கால், ஒன்று, இரண்டு, மூன்று. எழுந்திருக்கவில்லை. தலை நிமிராமல், குழாயை இன்னும் கொஞ்சம் அகலத் திறந்து, அதே இடது காலை மறுபடியும் நீட்டினார். பரலில் மிச்சமிருந்த ஒரு சாணுக்குள் தண்ணீர் விழும் சத்தம் கூடியது.

சாலிஹின் கை நீண்டிருந்தது. மூன்று விரல்கள் நிமிர்ந்திருந்தன. வாயும் திறந்துவிட்டது. பிறகு விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிக்கொண்டு, முகத்தை வெண்டிச் செடிகளின் பக்கம் திருப்பினார்.